கைகள் மட்டும் போதாது: படப்பிடிப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

எங்கள் பியானோ போட்டிப் படத்துக்கு நடிகர்களா, நிஜமாகவே பியானோ வாசிப்பவர்களா என்ற விவாதம் இன்று முடிந்தது. வாசிப்பவர்கள்தான். நடிகரின் முகத்தையும் வேறொருவரின் விரல்களையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கலாம். ஆனால் தோளும் மூச்சும் காட்டிக்கொடுத்துவிடும். நாயகி இசைக் கல்லூரி மாணவி, நடித்துப் பழக்கமில்லை. பரவாயில்லை.

மார்ச் 9

இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓபஸ் 25 தொகுப்பில் ஆறாவது எட்யூட், அதாவது பயிற்சிக்கான இசைத் துண்டு. வலது கை இரண்டிரண்டு கட்டைகளாக அழுத்திக்கொண்டே பறக்க வேண்டும், அதுவும் அடங்கிய குரலில். வலுவில்லாத நான்காம், ஐந்தாம் விரல்கள்கூட மற்ற விரல்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். முதல் வரியையே திரும்பத் திரும்ப மெதுவாக வாசித்தாள், தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை ஒவ்வொரு படியாக ஏற்றினாள். நிறுத்தியதும் இடது கையால் வலது முன்கையை அழுத்திவிட்டுக்கொண்டாள். திரைக்கதையில் இல்லாதது. படத்தில் நிச்சயம் இருக்கும்.

மார்ச் 10

முன்பே பதிவு செய்த இசையை ஓடவிட்டு வாசிக்கச் சொன்னோம். தன் வாசிப்பையே துரத்திக்கொண்டு ஓடினாள், உடம்பில் உயிரே இல்லை. சரி, நேரடி ஒலிப்பதிவு, இரண்டு கேமரா. ஒரு டேக்கின் வேகம் இன்னொன்றில் வராது என்பதால் ஒட்டவும் முடியாது. முழுசாக எடுத்தாக வேண்டும்.

மார்ச் 15

நடுவர் காட்சி பற்றிப் பேச்சு. 1980இல் போலந்தின் வார்சாவில் நடந்த ஷோப்பான் பியானோ போட்டியில் போட்டியாளர் இவோ போகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாததை எதிர்த்து, நடுவர் மார்த்தா ஆர்கெரிச் விலகினார். அவரே 1965இல் அங்கே வென்றவர். அதுபோல ஒரு காட்சி வேண்டும் என்றார் ஒளிப்பதிவாளர். எனக்கு மனம் போனது டாங் தாய் சொன் பக்கம். அந்த வருடம் முதல் பரிசு வாங்கிய வியட்நாம்காரர், அந்தப் போட்டியை வென்ற முதல் ஆசியர். ஆனாலும் 1980 என்றாலே தேர்வாகாத போகொரெலிச்சின் பெயர்தான் முதலில் வருகிறது. ஜெயித்தவனுக்கு அது எப்படி இருக்கும்? நம் கதை அவனுடையது. தன்னைவிட நன்றாக வாசித்த நாயகி தேர்வாகவில்லை என்று தெரிந்தே இறுதிச் சுற்றுக்குப் போகும் பையன்.

மார்ச் 18

ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணமில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. கன்செர்ட்டோ, அதாவது தனி வாசிப்பாளரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசை, அதன் ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவின் பகுதியை இரண்டாவது பியானோவில் வாசிப்பது வழக்கம்தானே? அந்த இடத்தில் அவளை உட்கார வைத்து எழுதிவிட்டேன். ஷோப்பானின் இ மைனர் கன்செர்ட்டோவில் தனி வாசிப்பு தொடங்க ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். அதுவரை அவள் வாசிப்பாள், அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வெட்டாமல், ஒரே ஷாட்டில் எடுக்கிறோம்.