அமிலம் சேர்ந்தால் ஒளியின் வேலை மாறுகிறது

ஒளி பட்டால் நிறம் மாறும் மூலக்கூறுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அமிலத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெங்களூரில் நான் பணிபுரியும் வேதியியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர்களின் ஐயங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. எனவே ஸ்பைரோபைரான் என்ற ஒரு சேர்மத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதன் ஒளிவினையை ஃபிஷர், ஹிர்ஷ்பெர்க் என்ற வேதியியலாளர்கள் 1952-இல் வெளியிட்டார்கள்.

இம்மூலக்கூறின் இரு பாதிகளும் ஒரே கார்பன் அணுவில் ஏறத்தாழச் செங்குத்தாக இணைந்திருப்பதால், ஒரு பாதியின் எலக்ட்ரான்கள் மறுபாதிக்குப் பரவ முடிவதில்லை. ஆகவே கரைசலுக்கு நிறமில்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு வளையத்திலுள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து, வளையம் திறந்து, மூலக்கூறு தட்டையாகி, மெரோசயனின் என்ற வடிவம் உருவாகிறது. நைட்ரோ தொகுதி கொண்ட வகை எத்தனாலில் ஊதா நிறம் காட்டும். இருட்டில் வைத்தாலோ, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சினாலோ வளையம் மூடி, நிறம் போய்விடும்.

இப்போது அந்த ஊதாக் கரைசலில் ஒரு சொட்டு டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் விட்டால், சொட்டு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் பரவி, குலுக்குவதற்குள் ஊதா காணாமல் போகிறது. பிணைப்பு அறுந்தபோது எதிர்மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் அணுவை அமிலத்தின் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) பிடித்துக்கொள்வதே காரணம். அந்த மின்னூட்டம் முடங்கியதால், ஒளியை உறிஞ்சும் அலைநீளம் 540 நானோமீட்டர் அருகிலிருந்து 400-ஐ ஒட்டி இறங்குகிறது. வளையம் தானாக மூடும் வழியும் தாழ்ப்பாள் போட்டதுபோல் அடைபட்டுவிடுகிறது. இருட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மஞ்சள் போகாது. போதிய அமிலம் இருந்தால், நிறமற்ற வடிவமேகூட இருட்டில் மெதுவாகத் திறந்து மஞ்சளாகும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. மஞ்சள் கரைசலில் நீல ஒளியைப் பாய்ச்சினால் வளையம் மூடிக்கொண்டு, பிடித்திருந்த புரோட்டானைக் கரைசலில் விட்டுவிடுகிறது. அதாவது அமிலம் இல்லாதபோது இருட்டிலேயே போய்விடும் நிறம், அமிலம் இருக்கும்போது ஒளி பட்டால்தான் போகிறது. அதோடு, ஒளி படும் வரை கரைசலின் அமிலத்தன்மையையும் உயர்த்துகிறது. விளக்கை அணைத்தால் புரோட்டான் மீண்டும் மூலக்கூறுக்கே திரும்பும். அமிலம் நிறத்தை மாற்றுகிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மெத்தில் ஆரஞ்சு அடங்கிய அசோபென்சீன் குடும்பத்தில் கதை வேறு. அங்கே புரோட்டான் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைத் தளர்த்துவதால், ஒளி வளைத்துவைத்த வடிவம் விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நடுநிலை நீரில் மெரோசயனின் மெல்ல மெல்ல நீராற்பகுப்புக்கு உள்ளாகிச் சிதைகிறது. ஆகவே நிறம் குறைந்ததும் வளையம் மூடிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. மீண்டும் புற ஊதாக் கதிரைக் காட்டி, பழைய அடர்த்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனாலில் பி.ஹெச். மானி காட்டும் எண்ணை நீரின் அளவுகோலோடு ஒப்பிடுவதும் சரியல்ல. ஒரு மோல் சாயத்துக்கு எத்தனை மோல் அமிலம் சேர்த்தோம் என்று குறிப்பேட்டில் எழுதுவதே நேர்மையான வழி. இந்த ஊர் போர்வெல் தண்ணீரில் கழுவிய குப்பியின் உட்சுவரில் படியும் உப்புக்கறையே சிறிது அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசாத குப்பியை இந்த வேலைக்கு நான் எடுப்பதில்லை.