ஏறிக்கொண்டே போகும் எண்: ஒரு ரைஸ் மில் நாட்குறிப்பு

அக்டோபர் 24

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில். குறுவை நெல் வந்துகொண்டிருக்கும் நேரம். எடைமேடையில் லாரி ஏறி நிற்கிறது, நெட்வொர்க் இழுப்பதால் எடைச் சீட்டு வர மறுக்கிறது. "தம்பி, ரவுட்டரை மாத்திடலாமா?" என்றார் முதலாளி. "கொஞ்சம் பொறுங்கண்ணே, முதல்ல அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றேன்.

ரவுட்டரில் 'ஷோ இன்டர்ஃபேஸ்' (ஒவ்வொரு போர்ட்டின் நிலையையும் காட்டும் கட்டளை) அடித்தால், எடைமேடைக்குப் போகும் போர்ட்டில் இன்புட் எரர், அதாவது சரியாக உள்ளே வந்து சேராத தரவின் எண்ணிக்கை, 40,000-க்கு மேல். பயப்பட வேண்டியதில்லை. கவுன்ட்டரை யாரும் அழித்ததே இல்லை. ரவுட்டர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு அது. எண் எவ்வளவு என்பதை விட, இப்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. அழித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25

காலையில் பார்த்தால் மறுபடி 900 சொச்சம். கிட்டத்தட்ட எல்லாமே சிஆர்சி, கொஞ்சம் ரன்ட். ஓவர்ரன் 0, இக்னோர்டு 0.

இன்புட் எரர் என்பது ஒரு மொத்தத் தொகை, உள்ளே பல உருப்படிகள். தரவு ஒயரில் போவது ஃபிரேம் என்ற பொட்டலங்களாக. அது 64 பைட்டுக்குக் குறைவாக வந்தால் ரன்ட். 1518-ஐத் தாண்டினால் ஜயன்ட். வரும் வேகத்துக்கு ரவுட்டரின் வன்பொருள் ஈடுகொடுக்காவிட்டால் ஓவர்ரன், உள் பஃபர் (வந்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) தீர்ந்துபோனால் இக்னோர்டு. கடைசி இரண்டும் ஏறியிருந்தால் முதலாளி சொன்னதை யோசித்திருக்கலாம். சிஆர்சி அப்படியல்ல. அனுப்புகிற முனை ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் 32 பிட் கணக்கு ஒன்றை ஒட்டி அனுப்பும். வாங்குகிற முனை அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும், ஒத்துப்போகாவிட்டால் சிஆர்சி எரர்.

கணக்கப்பிள்ளை சட்டென்று பிடித்துக்கொண்டார்: "லோடு ஏத்துன இடத்து எடையும் நம்ம எடையும் ஒத்துப்போகலேன்னா வழியில என்னமோ நடந்திருக்கு, அதானே?" அதேதான். ஒத்துப்போகாத ஃபிரேமை ரவுட்டர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். தரவு போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி நெறிமுறை அதை மறுபடி அனுப்பவைக்கும். அதனால்தான் இணைப்பு அறுந்துபோகவில்லை, இழுக்கிறது.

அக்டோபர் 26

டூப்ளெக்ஸ் பார்த்தேன்: இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப், தானாகப் பேசி முடிவு செய்தால் ஆட்டோ. நம் பக்கத்தை யாராவது கையால் 100 எம்பிபிஎஸ் ஃபுல் என்று பூட்டியிருந்தால், ஆட்டோவில் இருக்கும் எடைமேடைப் பக்கத்து நெட்வொர்க் சுவிட்ச் ஹாஃபில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது ஃபுல் முனையில் சிஆர்சியும் ரன்ட்டும், ஹாஃப் முனையில் லேட் கொலிஷனும் (தாமதமாகத் தெரியும் மோதல்) ஏறும். இங்கே இரண்டு பக்கமும் ஆட்டோ. ஒயரை வேறு போர்ட்டில் மாற்றிக் குத்தினேன். எரரும் கூடவே அங்கே வந்துவிட்டது. ஆக, ரவுட்டர் மேல் பழி இல்லை.

ஒரு சங்கடம்: உள்ளே வருவதன் சேதம்தான் இங்கே தெரியும். இங்கிருந்து போவது உடைந்தால் அந்த முனையில்தான் பதிவாகும். அந்த மலிவு சுவிட்சில் கவுன்ட்டர் பார்க்க வழியே இல்லை.

அக்டோபர் 28

இரவெல்லாம் மழை. எரர் மளமளவென்று ஏறியிருந்தது. இதுதான் வேண்டியிருந்தது: மழைக்கு ஏறுகிறதென்றால் ஒயரில் எங்கோ தண்ணீர் இறங்குகிறது.

கேபிள் உறையில் மீட்டர் எண் அச்சடித்திருப்பார்கள். இரண்டு முனை எண்களையும் கழித்தால் நீளம் தெரியும். தாமிர ஒயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. கழிக்கப் போனால் இந்த முனையில் ஒரு கம்பெனி பெயர், அந்த முனையில் வேறொன்று! நடுவில் ஒட்டு இருக்கிறது. தேடினோம். உமிக் குவியலை ஒட்டிய சுவரோரம், பைப்புக்குள், ஜோடிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை: தாமிர முலாம் பூசிய அலுமினியம். எலிவேட்டர் மோட்டார் லைனும் அதே பைப்பில்தான் போகிறது. ஒரு ஒயருக்கு இவ்வளவு கொடுமையா!

அக்டோபர் 31

ஒளியில் தரவு கடத்தும் ஃபைபர் இழுத்தாயிற்று, இரு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். மோட்டார் இரைச்சல் ஒளியை ஒன்றும் செய்யாது, ஐப்பசி இடிக்கும் நல்லது. ஆனால் மில் தூசி கனெக்டர் முகத்தில் படிந்தால் இதே சிஆர்சி திரும்ப வரும். மூடியைக் கழற்றிப் போடாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 3

கவுன்ட்டரை அழித்த பிறகு நல்ல மழை பெய்தது. இன்புட் எரர் 0. சீட்டு உடனே வருகிறது.

இன்புட் க்யூவில் (வந்த ஃபிரேம்கள் காத்திருக்கும் வரிசை) சில டிராப் தெரிந்தது. அது வேறு வகை: ஃபிரேம் முழுசாக வந்தும் ரவுட்டருக்குக் கவனிக்க நேரமில்லாமல் விட்டது. கேமரா பதிவு நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் வருகிறது. அதை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டேன்.

கேட் கேமராவுக்கும் அதே அலுமினிய ஒயர்தான் போயிருக்கிறதாம். கார்த்திகை மழைக்கு முன் அதையும் உருவ வேண்டும்.