அசையாத மின்னூட்டமும் கதிர்வீசும்

சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் மின்னூட்டம் வெற்றிடத்தில் கதிர்வீசாது, அதாவது மின்காந்த அலைகளை வெளியிடாது. ஆனால் ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழைகையில் கதிர்வீசும் என்று சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் ஃபிராங்கும் 1940களின் நடுவில் காட்டினர். இரு ஊடகங்களுக்கு இடையிலான அந்த எல்லையை இடத்தில் அல்லாமல் காலத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதே எனக்கு அதைவிடச் சுவையான கேள்வி. ஊடகம் முழுவதன் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி அதனுள் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதன் அளவு) ஒரே கணத்தில் மாறினால், உள்ளே செல்லும் ஒளியின் அலைநீளம் அப்படியே இருக்க, அதிர்வெண் மாறுகிறது (பள்ளியில் படித்த ஒளிவிலகலுக்கு இது நேர்மாறு). ஒரு பகுதி பின்னோக்கியும் திரும்புகிறது. ஆற்றல் கணக்கில் வரும் வேறுபாட்டை, ஊடகத்தை மாற்றும் புறமூலம் ஈடுசெய்கிறது. ஒளிவிலகல் எண்ணின் இம்மாற்றமே ஊடகத்தினூடே ஓர் அலையாக ஓடிவந்தால், அசையாமல் நிற்கும் மின்னூட்டமும் கதிர்வீசும்; அவ்வலையுடன் பொருள் எதுவும் இடம்பெயர வேண்டியதில்லை என்பதால், அது ஒளியைவிட விரைவாக ஓடுவதற்குக்கூட ஐன்ஸ்டைனின் சார்பியல் தடை சொல்வதில்லை.