அட்டோலுக்குள் நுழைவதும் நங்கூரமிடுவதும்

அட்டோல் தீவுகளுக்கிடையே பாய்மரப் படகில் போகும்போது, பயணத் திட்டத்தை வாயில், அதாவது பவள வளையத்தில் படகு உள்ளே போகும் இடைவெளியில், நுழையும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கிளம்பும் நேரம், பாயின் அளவு, இரவுக் காவல் எல்லாம் அந்த ஒரு மணியிலிருந்துதான் கணக்காகும்.

காரணம் தீவின் அமைப்பு. மூழ்கிய எரிமலையைச் சுற்றி வளர்ந்த பவள வளையம் இது; அதன் உள்ளே இருக்கும் நீர்ப்பரப்புதான் லகூன். வெளிப்பக்கம் கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே சில நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே நங்கூரமிட்டுக் காத்திருக்க முடியாது. இரண்டு அட்டோல்களுக்கு நடுவே 50 கடல் மைல் என்றால் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 10 மணி நேரம். ஒன்றின் வாயை நடுப்பகலில் தாண்டினால் அடுத்ததை இருட்டில்தான் அடைவோம். அதனால் பிற்பகலில் வெளியேறி, பாயைக் குறைத்து, மெதுவாக ஓட்டி, விடிந்த பிறகு நெருங்குவதே சரி. இரவில் குறைந்தது 5 கடல் மைல் விலகி நிற்க வேண்டும். தென்னை உள்ள கரையே பகலில் 8 கடல் மைல் அளவில்தான் தெரியும். காற்று அடிக்கும் பக்கத்தில் பல இடங்களில் மரமே இருக்காது, நீர்மட்டத்தோடு பாறை மட்டும் கிடக்கும். பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள துவாமோட்டு தீவுக்கூட்டத்துக்கு 1768-இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் ‘ஆபத்தான தீவுக்கூட்டம்’ என்று பெயர் வைத்ததில் மிகை எதுவும் இல்லை.

அடுத்தது வாயின் நீரோட்டம். துவாமோட்டுவில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதை நம்பி ஓட்டம் லேசாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகள் தாழ்வான பாறையைத் தாண்டி லகூனுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெருங்கடல் பல நாள் கொந்தளித்திருந்தால் வெளியோட்டம் நாள் முழுக்க நிற்காது. ஏற்றவற்ற அட்டவணையில் போட்டிருக்கும் ஓட்டம் நிற்கும் நேரம் வராமலே போகலாம். அட்டவணையைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்க்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பாருங்கள். ஓட்டமும் அலையும் எதிரெதிராக மோதினால் ஒரே இடத்தில் செங்குத்தான வெள்ளை அலைகள் வரிசையாக நிற்கும். அது இருக்கும்வரை நுழையக் கூடாது.

உள்ளே போக நல்ல தருணம், வெளியோட்டம் தளர்ந்து 1 அல்லது 2 நாட் எதிராக இருக்கும் நேரம். எதிரோட்டத்தில் சுக்கானுக்குப் பிடி இருக்கும், தரையைப் பொறுத்த வேகம் குறையும், பிடிக்கவில்லை என்றால் பின்வாங்கலாம். உள்ளோட்டத்தோடு நுழைந்தால் இந்த மூன்றும் கைவிட்டுப் போகும். இயந்திர வேகத்தில் பாதிக்கு மேல் எதிரோட்டம் இருந்தால் காத்திருப்பதே மேல். பாயை உடனே ஏற்றத் தயாராக வைத்திருங்கள். இயந்திரம் நின்றால் அதுதான் துணை.

வெயிலும் ஒத்துவர வேண்டும். மேற்குப் பக்க வாய் என்றால் கிழக்கு நோக்கி நுழைவோம், ஆகவே பிற்பகல் நல்லது. காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும், நீருக்குள் ஒன்றும் தெரியாது. பொதுவாக 10 மணி முதல் 3 மணி வரை, நீரின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியோடு ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்க வேண்டும், முடிந்தால் பாய்மரத்தில் ஏறி நிற்பது இன்னும் நல்லது. கருநீலம் ஆழம். வெளிர்பச்சை மணல் திட்டு. பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் பவளம் மேலே வந்துவிட்டது, உடனே விலகுங்கள். மேக நிழல் பவளத்திட்டுபோலவே தோன்றும். சற்று நேரம் பார்த்தால் நகரும். பழைய அளவைகளை வைத்து வரைந்த வரைபடங்களில் பாறையின் இடம் ஜிபிஎஸ் காட்டுவதிலிருந்து விலகியிருக்கலாம் என்பதால், செயற்கைக்கோள் படத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்திருப்பது அவசியம். உள்ளே வந்த தடத்தையும் பதிவு செய்யுங்கள்.

லகூனில் மணல் தரை இருக்கும், ஆனால் நடுநடுவே பவளத்திட்டுகள் நிற்கும். காற்று திரும்பத் திரும்பச் சங்கிலி அவற்றைச் சுற்றிக்கொள்ளும். 60 மீட்டர் விட்டிருந்தாலும் வேலை செய்வது 15 மீட்டராகிவிடும். அலை வந்து அணியத்தைத் தூக்கும்போது விட்டுக்கொடுக்கச் சங்கிலியில் தொய்வு இருக்காது. சங்கிலி ஓடும் அணிய உருளையோ அதை இழுக்கும் நங்கூரச் சுழலியோ உடையும். பவளத்துக்கும் இது பெரும் சேதம். பல பத்தாண்டுகள் வளர்ந்த கிளையை ஒரு சங்கிலி ஒரே இரவில் நொறுக்கிவிடும். அதனால்தான் சங்கிலியைத் தரையிலிருந்து தூக்கி வைக்க மிதவை கட்டாயம் என்று சொல்கிறேன்.

கணக்கு இது. 10 மி.மீ. சங்கிலி நீருக்குள் மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. 30 செ.மீ. விட்டமுள்ள கெட்டி மிதவை 14 லிட்டர் நீரை விலக்கும். தன் எடை போக ஏறத்தாழ 12 கிலோ, அதாவது 6 மீட்டர் சங்கிலியைத் தாங்கும். படகின் பக்கத்தில் உராய்வுக்காகத் தொங்கவிடும் காற்றடைத்த மென்மையான பெண்டர் உதவாது, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி அது சுருங்கிவிடும். முத்துப் பண்ணைகளில் பயன்படும் கெட்டி மிதவைகள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை.

12 மீட்டர் ஆழத்தில் மணலைப் பார்த்து நங்கூரத்தை இறக்கி, 50 மீட்டராவது விட்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி நன்றாகப் பதிய வையுங்கள். பிறகு வெளியே 20 மீட்டர் மட்டும் இருக்கும்வரை சங்கிலியை இழுத்துக்கொண்டு, அங்கே முதல் மிதவையை அரை மீட்டர் கயிறும் கொக்கியும் கொண்டு மாட்டி, மறுபடி விடுங்கள். 6 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. முதல் மிதவை நங்கூரத்துக்குப் பக்கத்தில் போனால் நங்கூரத்தின் தண்டைத் தூக்கிப் பிடியைக் கழற்றிவிடும்; அந்த முதல் 20 மீட்டர் மணலில் கிடந்தே ஆக வேண்டும். காற்று பலத்தால் சங்கிலி நேராகிவிடும் என்பதால், அதிர்வை வாங்கச் சங்கிலிக்கும் படகுக்கும் நடுவே 8 மீட்டர் நைலான் கயிறு கண்டிப்பாகப் போடுங்கள்.

பெரிய லகூனில் இன்னொரு சிக்கல் உண்டு. துவாமோட்டுவின் ரங்கிரோவா அட்டோல் 80 கிலோமீட்டர் நீளம். தென்கிழக்கிலிருந்து ‘மராமு’ என்னும் காற்று பலமாக அடித்தால் லகூனுக்குள்ளேயே ஒரு மீட்டருக்கு மேல் அலை எழும்பும், வடமேற்கில் நிற்கும் படகுக்குக் கரை நேர் பின்னால் இருக்கும். முன்னறிவிப்பு வந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே தென்கிழக்குக் கரைக்கு மாறிவிட வேண்டும். இரவில் தவிர்க்க முடியாமல் கிளம்ப நேர்ந்தால், உள்ளே வந்தபோது பதிந்த தடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். குறுக்கு வழி வேண்டாம்.

நங்கூரத்தை எடுக்கும் முன் ஒருவர் முகமூடியோடு நீரில் இறங்கிச் சங்கிலி எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அணியத்தில் நிற்பவர் கைச்சாடையில் திசை காட்ட, சுக்கானில் இருப்பவர் சங்கிலி சுற்றிய திசைக்கு எதிராகப் படகைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மிதவையும் உருளையைத் தொடும் முன் கழற்றப்பட வேண்டும். சங்கிலி இறுகினால் சுழலியை நிறுத்திவிட்டுத் தொய்வு கொடுங்கள். சுழலியைக் கொண்டு இழுத்து விடுவிக்க முயலக் கூடாது.