கொழும்பில் இருக்கும் காரைக்கால் அம்மையார்

திருகோணமலைக்காரருக்கு வெண்கலச் சிலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1950ஆம் ஆண்டுதான். அந்த வருடம் கோணேசர் மலைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சிவனும் பார்வதியும் பிள்ளையாரும் வெளியே வந்தார்கள். 1622இல் சித்திரை வருடப் பிறப்பு நாளில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது யாரோ அவசரமாகப் புதைத்துக் காப்பாற்றிய மூர்த்திகள் அவை. முந்நூறு வருடங்களுக்கு மேல் மண்ணில் கிடந்தும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவற்றை ஊர் ஊராக ஊர்வலம் கொண்டு போனபோது வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருந்ததை அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். ஆனால் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒருநாளும் போனதில்லை. கொழும்புக்குப் போனது எல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீடுகளுக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும்தான். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊரில் பலருக்கும் இப்படித்தான். நூதனசாலை என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலா, வரிசையில் நின்று உள்ளே போய் வரிசையில் வெளியே வருவது. இந்த முறை இதற்காகவே போவோம் என்று முடிவெடுத்தேன். வேறு ஒரு வேலையும் இல்லை, சிலை பார்ப்பது மட்டும்தான்.

இரவு ரயிலில் ஏறினோம். கந்தளாய் தாண்டும் வரைக்கும் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கல்ஓயாச் சந்தியில் ரயில் நின்றபோது பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நித்திரையானார். விடியும்போது கோட்டை நிலையம். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் குளித்து, இடியப்பம் சாப்பிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது நூதனசாலை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

அந்தக் கட்டடத்தை வெளியில் நின்று ஒரு பத்து நிமிடமாவது பார்க்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற இத்தாலியப் பாணி மாளிகை, முன்னால் விழுதுவிட்ட பெரிய ஆலமரம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டி, 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தார்கள். வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். உனக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் கேட்டாராம். அந்தக் கதையைச் சொன்னதும் அம்மா நின்று கட்டடத்தை இன்னொருமுறை அண்ணாந்து பார்த்தார்.

உள்ளே நிறைய இருக்கிறது, ஒருநாளில் முடியாது. கண்டி அரசனின் சிம்மாசனத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். பிரித்தானியர் கொண்டு போய் 1934இல் திருப்பித் தந்தது அது. கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டு போய், நெதர்லாந்து 2023 டிசம்பரில் திருப்பித் தந்த லெவ்கே பீரங்கியும் அதே மாதிரி ஊர் திரும்பிய பொருள்தான். இவற்றை வேகமாகக் கடந்தோம். கல்வெட்டுகள் இருக்கும் இடத்தில் மட்டும் நான் அம்மாவைப் பிடித்து நிறுத்தினேன். அங்கேதான் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்னால் சீனாவிலிருந்து வருகிறவன் இந்தத் தீவில் மூன்று மொழிகளில் ஒன்று தமிழாக இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான். எழுத்து தேய்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் நிற்பது எனக்கு மிகவும் வேண்டியிருந்தது.

சரி, வெண்கலங்களுக்கு வருகிறேன்.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த மூர்த்திகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். காவலுக்கு நின்ற பெண் சிங்களத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். நடராசர் நடுநாயகமாக நிற்கிறார். பக்கத்தில் பார்வதி, நால்வர். 1907, 1908 வாக்கில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் தோண்டி எடுத்தவை இவற்றில் பல. 1914இல் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பொன்னம்பலம் அருணாசலமும் எழுதியிருக்கிறார். சோழ நாட்டில் வார்த்துக் கப்பலில் வந்தவையா, பொலன்னறுவையிலேயே வார்த்தவையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சுந்தரரைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாதமே மறந்துபோனது. உடம்பு கொஞ்சம் வளைந்து, கல்யாணக் கோலத்தில் இருந்த பிள்ளையைத் திடீரென்று யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு முகம். திரும்பத் திரும்ப அவரிடமே போனேன்.

ஆனால் அம்மாவை இருத்தி வைத்தது காரைக்கால் அம்மையார்தான். சின்னச் சிலை. உட்கார்ந்த கோலம். கையில் தாளம். விலா எலும்பு எண்ணலாம், மார்பு வற்றித் தொங்குகிறது, வாய் பாடத் திறந்திருக்கிறது. அழகான உடம்பை வேண்டாமென்று இறைவனிடமே திருப்பிக் கொடுத்துப் பேயுருவம் கேட்டு வாங்கிய பெண். சிற்பி ஒரு மறைப்பும் இல்லாமல் அந்தக் கிழ உடம்பை வார்த்திருக்கிறான், ஆனால் பரிதாபம் வரவில்லை. மரியாதைதான் வருகிறது. அம்மா அவர் முன்னால் நீண்ட நேரம் நின்றார். பிறகு மெல்லிய குரலில், “பிள்ளை, கடைசிக் காலத்தில் உன்ரை அம்மம்மா இப்படித்தான் இருந்தவ,” என்றார். எனக்கும் அது தெரியும். கடைசி மாதங்களில் நான்தான் அம்மம்மாவைக் குளிப்பாட்டினேன். அந்தத் தோள் எலும்பும் கழுத்து நரம்பும் அப்படியே எனக்கு முன்னால் வெண்கலத்தில் இருந்தன. இந்த நாட்டில் பார்க்க வேண்டிய கலைப்பொருள் ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால், யோசிக்காமல் இந்த அம்மையாரைத்தான் சொல்வேன்.

வெளியே வரும் வழியில் பௌத்தத் தெய்வமான தாரா தேவி சிலையின் பிரதியையும் பார்த்தோம். மூலச் சிலை லண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம், சுமார் எட்டாம் நூற்றாண்டு. கிடைத்த இடம் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை. அதாவது எங்கள் கரை. ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அங்கே கொடுத்தார். மேலாடை இல்லாத சிலை என்று பல வருடங்கள் பொதுமக்களுக்குக் காட்டாமலே வைத்திருந்தார்களாம். வெருகல் பக்கமோ வாகரைப் பக்கமோ எந்த மணலில் அவள் கிடந்தாளோ என்று அந்தப் பிரதிக்கு முன்னால் நின்று யோசித்தேன். அவள் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அடுத்த நாள் பார்ன்ஸ் பிளேசில் சபுமல் பவுண்டேஷன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. ஓடு போட்ட கூரை, மரங்கள், சுவர் முழுக்கப் படங்கள். 1943இல் தொடங்கிய, நவீன ஓவியர்களின் ‘43 குழு’வின் ஓவியங்களை, ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ் என்று, ஒரு வீட்டுக்குள் நடந்துபோகிற மாதிரிப் பார்க்கலாம். கூட்டமே இல்லை. அம்மாவுக்குக் கீற்றின் பெண்களின் கண்கள் பிடித்தன. மற்றவை புரியவில்லை என்றார், நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு கிரெஸ்கட் கடைத்தொகுதியில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் இல்லை. இங்கே என் மனம் நிறைந்ததற்குக் காரணம் தமிழ். மூன்று மொழியிலும் ஒரே அளவில், ஒரே அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். வேறோர் இடத்தில் தமிழ்ப் பலகையில் பிழைகளைப் பார்த்துப் பொறுப்பானவரிடம் சொன்னபோது, தமிழில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி இரண்டு நாட்கள் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பலகையாக, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்து ஆணையாளர் மாளிகையில் கடல்சார் வரலாற்று நூதனசாலை இருக்கிறது. தடித்த தூண்களும் உயர்ந்த கூரையுமாகக் கட்டடமே பார்க்க வேண்டியது. வெயில் ஏறிய நேரத்தில் உள்ளே போனால் வெளியே வர மனம் வராது. ஆனால் எங்கள் பக்கத்துச் சிற்பங்களுக்கு, வெல்காமத்தில் உள்ள பௌத்த விகாரையான இராஜராஜப் பெரும்பள்ளியின் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு, நிலாவெளிக் கல்வெட்டுக்கு என்று ஊருக்குள்ளே ஒரு நல்ல கூடம் வேண்டும். நிழலும் நல்ல வெளிச்சமும் பிழையில்லாத தமிழும் இருந்தால் போதும்.

ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் நானும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறித்த கல்லை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறோம், அதற்கு முன் அவர் அங்கே நின்றதில்லை. மேலே பூசை நடந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வந்த மூர்த்திகள் பட்டும் மாலையுமாக, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இருந்தார்கள். அம்மா சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தை வாய்க்குள் சொல்லி முடித்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

“அங்க பட்டு இல்லை, அதால உடம்பின்ரை வடிவு தெரிஞ்சது. இங்க விளக்கு இருக்கு, முகம் அசையிற மாதிரி இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, “பொலன்னறுவையிலயும் இருக்கெண்டு சொன்னாய் எல்லே?” என்றார். இருக்கிறது. அங்கேயும் நூதனசாலையில் சிவன் கோயில்களின் வெண்கலங்கள், பக்கத்திலேயே இராஜராஜனின் அரசி பெயரில் எழுந்த வானவன் மாதேவி ஈஸ்வரம், முழுக்கக் கல்லால் கட்டியது. கந்தளாய் வழியாகப் போய் ஹபரணையில் திரும்பினால் சரி. விடியக்காலை பஸ்ஸில் போவோம் என்றேன். இடியப்பத்தைத் தான் கட்டிக்கொண்டு வருவதாக அம்மா சொன்னார்.