அணு ஆயுத ஆய்வகத்தில் ஆட்குறைப்பு: பேட்ஜைக் கொடுக்கும் முன் முடிக்க வேண்டியவை

அமெரிக்க அணு ஆயுத ஆய்வகங்களில் ஆட்குறைப்பு வரப்போவது பட்ஜெட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடும். 2007 மார்ச்சில், கலிபோர்னியாவில் உள்ள லிவர்மோர் ஆய்வகத்தின் ஆர்.ஆர்.டபிள்யூ. (பழைய அணு ஆயுதங்களுக்கு மாற்றாகத் திட்டமிட்ட புதிய ஆயுதம்) வடிவமைப்பு தேர்வானது. அக்டோபரில் ஆய்வக நிர்வாகம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கூட்டு நிறுவனத்துக்கு மாறியது. டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஆயுதத்துக்கான நிதியை நிறுத்தியது. 2008 மே மாதம் 400-க்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உங்கள் திட்டம் காங்கிரஸ் விவாதத்தில் அடிபடத் தொடங்கினாலே தயாராகுங்கள்.

முதலில் பயோடேட்டா. எந்த ஆயுதத்தின் எந்தப் பாகத்தில் வேலை செய்தீர்கள் என்பதே ரகசியமாக இருக்கலாம். அதனால் ஆய்வகத்தின் ரகசியத் தணிக்கையில் அனுமதி வாங்கிய பிறகுதான் வெளியே கொடுக்க முடியும். எங்களில் பலர் மாட்டிக்கொண்டது இங்கேதான். நோட்டீஸ் வந்த அன்றே பேட்ஜ் போய்விடும், கணினி பூட்டிவிடும். அதன்பிறகு தணிக்கைக்கு அனுப்ப உள்ளே ஆள் தேட வேண்டியிருக்கும். ஆய்வுக் குறிப்பேடுகளை எடுத்துவர நினைக்கவே வேண்டாம், அவை ஆய்வகத்தின் சொத்து. சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மேலாளரிடம் கொடுத்து வையுங்கள். 2025 பிப்ரவரியில், இந்த ஆய்வகங்களை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான தேசிய அணு பாதுகாப்பு நிர்வாகம், தான் நீக்கிய ஊழியர்களைத் திரும்ப அழைக்க முயன்றபோது, சிலரைத் தொடர்புகொள்ள வழியே இல்லாமல் போனது.

அடுத்தது கையெழுத்து. கூடுதல் பணம் தருகிறோம், வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக்கொடுங்கள் என்பார்கள். அவசரப்படாதீர்கள். 40 வயது நிறைந்தவர்களுக்குக் கூட்டாக ஆட்குறைப்பு நடக்கும்போது யோசிக்க 45 நாள், கையெழுத்திட்ட பின் திரும்பப்பெற 7 நாள் சட்டப்படி உண்டு. எந்தெந்தப் பதவியில், எந்த வயதில் இருப்பவர்கள் நீக்கப்பட்டார்கள், எவர்கள் தப்பினார்கள் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். அந்தப் பட்டியலை வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். 2008 நீக்கத்தை எதிர்த்த 129 பேருக்கு 2015-இல் 3.725 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது.

நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீட்டை, வேலை போன பின்னும் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டத்தின் மூலம் 18 மாதம் வைத்திருக்கலாம். 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து முழு பிரீமியமும் உங்கள் தலையில்தான். அதற்குமேல் 2 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணம்.

பலர் கேட்காமல் விடுவது, வேலையில் உங்கள் உடலில் பட்ட கதிர்வீச்சின் பதிவேடு. விலகும்போது கேட்டால் தந்தே ஆக வேண்டும். நுரையீரலைப் பாதிக்கும் பெரிலியம் உலோகத் தூசு இருந்த இடத்தில் வேலை செய்திருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனை முடிவையும் வாங்குங்கள். பின்னாளில் புற்றுநோயோ பெரிலியம் நோயோ வந்து, வேலையால் வந்தது என்று ஏற்கப்பட்டால், அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கான 2000-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி 1,50,000 டாலர் இழப்பீடு உண்டு. தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்கும் இஇ-1 படிவம் கொடுக்கும்போது இந்தத் தாள்கள் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.