குழந்தைப் படத்துக்கு வீட்டு வெளிச்சம்: ஒரு வேட்டி, இரண்டு தெர்மாகோல்

வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுக்க லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்று. முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிது என்பதை. பரப்பு பெரிதாகவும் முகத்துக்குப் பக்கத்திலும் இருந்தால் நிழலின் ஓரம் மிருதுவாகும். இரண்டு வயதுக் குழந்தையை 'கொஞ்சம் இப்படித் திரும்பு' என்று நிறுத்தவும் முடியாது. ஒரு பாய் விரிக்கும் இடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெளிச்சம் விழுந்தால், அது எங்கே தவழ்ந்தாலும் படம் கெடாது.

காசே ஆகாத வழி ஜன்னல். வடக்குப் பார்த்ததாக இருந்தால் உத்தமம். ஆனால் சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே போய்விடுவதால் அந்த ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும்; கம்பியின் நிழல் கோடுகோடாக முகத்தில் விழும். அப்போது நாலு முழ வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுங்கள். பழைய, மெலிந்த பருத்தி நல்லது. நீலம் தூக்கலாகப் போட்டது வேண்டாம், முகம் சோகை பிடித்ததுபோல் தெரியும்.

அடுத்து உயரம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜன்னல் திண்டு தரையிலிருந்து மூன்றடியில் இருக்கும். குழந்தையைத் தரையில் உட்காரவைத்தால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் வந்து கண்குழி இருண்டுவிடும். கட்டிலில் உட்காரவையுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். கட்டில் ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி இருந்தால் போதும். ஒட்டிப் போட்டால் ஒரு கன்னம் வெளுக்கும், மறு கன்னம் கறுக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்மணியைப் பாருங்கள்: ஜன்னலின் பிம்பம் பத்து மணி அல்லது இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் மின்ன வேண்டும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். இரண்டு அட்டைகளைப் பேக்கிங் டேப்பால் புத்தகம்போல் ஒட்டினால் தானே நிற்கும், பிடிக்க ஆள் வேண்டாம். முகத்திலிருந்து இரண்டடியில் வையுங்கள். வெள்ளித்தாள் ஒட்டத் தேவையில்லை; கண் கூசும். பச்சை பெயிண்ட் அடித்த அறையில் தாடையின் நிழலில் பச்சை ஏறும், அந்தச் சுவரை வெள்ளைப் போர்வையால் மறைக்க வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒரு நிறம், மஞ்சள் பல்பு ஒரு நிறம் என்று கலந்தால் பிறகு கணினியில் என்ன செய்தாலும் தோல் நிறம் வசப்படாது.

கேமராவில் ஷட்டர் (படம் பதியும் நேரம்) 1/200 நொடி, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 2.8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவின் உணர்திறன்) 800 என்று தொடங்குங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள், ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், அசைந்த படத்தைத் தேற்ற முடியாது.

இரவில்? நான்கடி, 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் போன்ற நீள விளக்கு) இரண்டை ஓரடி இடைவெளியில் நெட்டுக்குத்தாகக் கட்டி, ஒன்றரை அடி முன்னால் அதே வேட்டியைத் தொங்கவிட்டால் அதுவே ஒரு ஜன்னல். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள்; விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80 சாதாரணம், 90க்கு மேல் இருந்தால் கன்னத்தின் சிவப்பு சரியாக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/100ஐவிட வேகமானால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கடையிலேயே போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், துடித்தால் வேண்டாம். ஹாலோஜன் விளக்கைத் தொடவே வேண்டாம். அந்தச் சூட்டில் தெர்மாகோல் உருகும், துணி தீப்பிடிக்கும்.

ஓடுகிற குழந்தைக்கு பிளாஷ்தான் சரி. வலிமையை நாமே அமைக்கும் மேனுவல் பிளாஷ் ஒன்று போதும். நேராக முகத்தில் அடிக்காமல், பிளாஷின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, உங்களுக்குப் பின்னால் மேலே உள்ள சுவரும் கூரையும் சேரும் மூலைக்குத் திருப்புங்கள். பத்தடிக் கூரைக்கு எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/200, பிளாஷ் 1/4 (முழு வலிமையில் கால்பங்கு) என்று தொடங்கிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். இந்த ஷட்டரில் அறை விளக்கு படத்தில் ஏறாது என்பதால் நிறக்கலப்புத் தொல்லையும் இல்லை. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறதென்றால் பிளாஷைச் சந்தேகப்படும் முன் மேலே பாருங்கள்: சுற்றும் மின்விசிறியின் பழுப்பு இறக்கை குறுக்கே வந்துபோகும்.

எண்ணெய் வைத்த நெற்றியைத் துடைத்துவிடுங்கள், பளபளப்பு பிளாஷில் வெள்ளைத் திட்டாக விழும். பவுடர் அதைவிட மோசம்: கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும், அது படத்துக்கு அழகுதான்.

பிளாஷையோ பேட்டனையோ ஸ்டாண்டில் வைப்பதானால் அதன் காலில் 5 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கட்டாயம் தொங்கவிடுங்கள். தவழும் குழந்தை முதலில் பிடித்து எழுந்து நிற்கப் பார்ப்பது அந்த ஸ்டாண்டைத்தான்.